‘டக்’ சத்தத்துக்கு அப்புறம் ஒரு சொட்டுகூடப் போட விடாதீர்கள்

பைக்குக்கு ஃபுல் டேங்க் போடுகிற எல்லோரும், முக்கியமாக நம் குமரி மாவட்டத்துக்காரர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பங்கில் நாசில் (பெட்ரோல் போடுகிற குழாயின் பிடியோடு சேர்ந்த முனை) தானாக நின்ற பிறகும், ரூபாயை ரவுண்டாக்குவதற்காக மறுபடி அழுத்துகிறார்கள். அப்படி அழுத்தியதில் போன மாதம் என் வண்டியின் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டியது. தீப்பிடிக்கவில்லை. கொட்டிய பெட்ரோலுக்கும் சேர்த்து என்னிடம் காசு வாங்கினார்கள். கேட்டதற்கு மரியாதையான பதிலும் இல்லை.

பங்க் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இது ஒரு பங்கில் மட்டும் இருக்கிற பழக்கம் இல்லை. தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று எங்கே போனாலும் பார்க்கலாம். களியக்காவிளைப் பக்கம் இன்னும் மோசம். கேரளாவை விட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதால் அங்கிருந்தும் வண்டிகள் வந்து நிற்கும். வரிசை நீளும்போது போடுகிறவர்களின் கை அவசரப்படும். அவசரத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது.

குலசேகரத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டு, சாயங்காலம் மனைவியோடும் மகளோடும் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மீட்டரில் கடைசிக் கட்டை மின்ன ஆரம்பித்திருந்தது. வழியில் ஒரு பங்கில் நிறுத்தினேன். அவர்கள் இரண்டு பேரும் இறங்கிக் காற்றடிக்கிற பக்கம் போய் நின்றார்கள். நான் இறங்கி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டேன். போட வந்த தம்பிக்கு அதுவே பிடிக்கவில்லை.

“எறங்காண்டாம் அண்ணே, அப்படியே இருங்க, டக்குனு போட்டுரலாம்.”

“இல்ல தம்பி, நான் எறங்கி நின்னுதான் போடுவேன். ஃபுல் பண்ணுங்க.”

ஜீரோ காட்டினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாசிலின் நுனியை மட்டும் டேங்க் வாயின் விளிம்பில் சும்மா சாய்த்து வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி அடுத்த வண்டிக்காரரிடம் பணம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். 873 ரூபாயில் ‘டக்’கென்று நின்றது. “போதும் தம்பி” என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே, “தொள்ளாயிரம் ஆக்கிருவோம் அண்ணே” என்று மறுபடி அழுத்திவிட்டார்.

அவர் கண் டிஸ்பிளே மேல். டேங்க் வாயை அவர் பார்க்கவே இல்லை. முதலில் வெள்ளையாக நுரை எழும்பியது. அடுத்த நொடி பெட்ரோல் பொங்கி, மூடி உட்காருகிற பள்ளம் நிறைந்து, இரண்டு பக்கமும் ஓடியது. ஒரு ஓட்டம் ஸ்டிக்கர் மேல் வழிந்து சீட்டுக்கடியில் போனது. இன்னொன்று நேராக இன்ஜின் மேல். அத்தனை தூரம் ஓடி வந்த வண்டி. ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டது, இன்ஜின் மேல் காற்று நெளிவது கண்ணுக்குத் தெரிந்தது. என் மணிக்கட்டிலும் பேண்ட்டிலும் பெட்ரோல். டிஸ்பிளேயில் மட்டும் சரியாக 900.

லிட்டர் 101 ரூபாய் சொச்சம் என்றால் அந்த 27 ரூபாய் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதில் பெரும்பகுதி தரையிலும் இன்ஜினிலும்தான் போனது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிக கோபம். அந்தத் தம்பி ஒரு அழுக்குத் துணியால் டேங்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “ஒண்ணும் ஆவாது அண்ணே, வண்டிய ஸ்டார்ட் பண்ணி எடுங்க, பின்னால ஆளு நிக்குல்லா” என்றார். பின்னால் ஒரு ஆட்டோ இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிறது.

நான் ஸ்டார்ட் பண்ணவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் யார் சொன்னாலும் பண்ணாதீர்கள். பெட்ரோல் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிற பொருள். நம் ஊர் வெயிலில் அது எப்படிப் பறக்கும் என்று யோசியுங்கள். அந்த ஆவி காற்றை விடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு பரவி நிற்கும். செல்ஃப் ஸ்டார்ட்டரின் ஒரு பொறி போதும். நெருப்பு பற்ற தீக்குச்சிதான் வேண்டும் என்றில்லை, சைலன்சர் பைப் கொதிக்கிற சூட்டில் இருந்தாலே ஆபத்துதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு பம்ப்பிலிருந்து தூரமாகக் காற்றோட்டமான இடத்துக்குப் போனேன். இன்ஜின் ஆறி, வாடை போகும்வரை அங்கேயே நின்றோம். தரையில் சிந்தியதன் மேல் மணல் போடச் சொன்னேன். சிவப்பு வாளியில் மணல் எல்லா பங்கிலும் தொங்குகிறது, அது இதற்குத்தான். யாரும் எடுக்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். “சிந்துனது சிந்திட்டு, இப்ப என்ன செய்ய சொல்லுதீங்க? பெட்ரோல்தானே சாரே, காத்துல போயிரும்” என்றார். புகார் புத்தகம் கேட்டதும் ஓனர் வீட்டில் இருக்கிறது என்றார். புகார் புத்தகம் பங்கில் இருந்தே ஆக வேண்டும், கேட்கிறவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கேயே நின்று, பில்லில் இருந்த நேரத்தையும் பம்ப் நம்பரையும் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். அதைப் பார்த்ததும் புத்தகம் மேசைக்கடியிலிருந்து வந்தது. அதனால் பில்லை மட்டும் எப்போதும் கேட்டு வாங்குங்கள். ஃபோனில் பணம் அனுப்பியிருந்தாலும் பில் தனி.

அந்தத் தம்பி மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நாள் முழுக்க நின்று, அந்த வாடையைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிற பிள்ளைகள். அவர்களுக்கு யாரும் நாசில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சில்லறைத் தொல்லைக்காக ரவுண்டாக்கிப் பழகியது, இப்போது பாதிப் பேர் ஃபோனில் பணம் அனுப்புகிற காலத்திலும் தொடர்கிறது. 873 ரூபாய் என்றால் 873 ரூபாய் அனுப்பிவிட்டுப் போகலாம். சொல்லித் தராத முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும்.

நாசில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் நீங்களே தடுத்துவிடலாம். நாசில் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் பாயும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்கில் பெட்ரோல் உயர்ந்து அந்த ஓட்டையை மூடியதும் காற்று வராது. உள்ளே இழுவிசை கூடி, பிடியிலுள்ள வால்வை விடுவிக்கும். அதுதான் ‘டக்’. அதாவது அந்தச் சத்தம் வரும்போதே பெட்ரோல் நாசில் நுனி வரை வந்துவிட்டது. நுனி விளிம்பில் இருந்தால் பெட்ரோலும் ஏறக்குறைய விளிம்பில்தான் இருக்கும். அதற்கு மேல் போட இடமே கிடையாது. நுரை பட்டு முன்கூட்டியே நிற்பதும் உண்டு, அப்போது கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் அதை டேங்குக்குள் எட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், டிஸ்பிளேயைப் பார்த்து இல்லை. இன்னொன்று, மெதுவாக அழுத்தினால் அந்த உறிஞ்சல் போதாமல் தானாக நிற்காமலும் போகலாம். ரவுண்டாக்குகிறவர்கள் கடைசியில் மெதுவாகத்தானே அழுத்துகிறார்கள்.

நாசில் கார் டேங்கின் நீளமான கழுத்துக்குப் பொருத்தமாகச் செய்யப்பட்டது. பைக் டேங்குக்கு அவ்வளவு நீளமான கழுத்து கிடையாது. போதாக்குறைக்கு, பல வண்டிகளில் ஃபிரேமின் குழாய்க்கு இடம் விட்டு டேங்கின் அடித்தகடு நடுவில் மேடாக வளைந்திருக்கும். முழு வேகத்தில் போட்டால் பெட்ரோல் அந்த மேட்டில் மோதித் திரும்ப மேலே தெறிக்கும். முழுதாக அழுத்தினால் நொடிக்கு அரை லிட்டர் அளவுக்கு வரும் என்பதை மனதில் வையுங்கள். “தம்பி, நாசிலை உள்ள விட்டு மெதுவா போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்த பிறகும் நாசிலை உடனே உருவாமல், உள்ளேயே வைத்து வடியவிட்டு, நுனியை மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும்.

இறங்கி நிற்பது கட்டாயம். உட்கார்ந்தபடி போட்டால் கொட்டுகிற பெட்ரோல் நேராகத் தொடையில்தான் விழும், பற்றினால் குதித்து ஓடக்கூட முடியாது. பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதைப் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் டேங்க் வாயின் இடது ஓரம் தாழ்ந்துவிடும், முதலில் அங்கேதான் வழியும்.

விளிம்பு வரை நிரப்புவதால் நமக்கும் லாபம் இல்லை. பங்கின் தரையடித் தொட்டியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோல், வெயிலில் நிற்கிற வண்டியில் விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 100 மில்லி கூடும். திற்பரப்பு அருவிக்கோ முட்டத்துக்கோ போய் மத்தியான வெயிலில் நிறுத்தினால் அந்த 100 மில்லி எங்கே போகும்? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி அடைத்த ஒரு டப்பா உண்டு. மெக்கானிக்குகள் கேனிஸ்டர் என்பார்கள். ஆவிக்காக வைத்த அதற்குள் பெட்ரோலே போனால் கெட்டுவிடும். ஃபுல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தால் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தின் அடி விளிம்புக்குக் கீழே நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும், மழைத் தண்ணீர் அதன் வழியாகக் குழாயில் இறங்கிக் கீழே போய்விடும். அது சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும், மூடியைத் திறந்ததும் உள்ளே போகும். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும், வண்டி திக்கித் திக்கி நின்றுவிடும். மழை நேரத்தில் பங்கில் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். கூரைக்கு வெளியே நிறுத்திப் போடச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.

உடம்பில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தத் துணியோடு வீட்டுக்குள் போகாதீர்கள். நாங்கள் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். அடுப்பு, குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி எது எரிந்தாலும் ஆபத்து. நான் வெளியே குழாயடியிலேயே பேண்ட்டை மாற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். டேங்க் மேல் பட்டதை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். என் டேங்கில் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு, பெயிண்ட் ஒரு இடத்தில் மங்கிவிட்டது.

அளவில் சந்தேகம் என்றால் அது வேறு புகார். எந்த பங்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் கேன் இருக்கும், அளந்து காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. 500 ரூபாய்க்குக் கேட்டால் 200-இல் நிறுத்தி, “மீதி 300 போடுறேன்” என்று சொல்லி ஜீரோ ஆக்காமலே 300 வரை ஓட்டுகிற ஏமாற்று வேலையும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எடையளவு விஷயங்கள் தொழிலாளர் துறையின் கீழ் வருகின்றன. நம் மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சிந்தியது, மரியாதைக் குறைவு, புத்தகம் தர மறுத்தது மாதிரி விஷயங்களுக்கு பங்க் போர்டில் எண்ணெய் நிறுவனத்தின் இலவச எண் எழுதியிருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

நான் புத்தகத்தில் எழுதியதோடு நிறுவனத்தின் எண்ணிலும் சொன்னேன். அங்கிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். மறுநாள் பங்கிலிருந்து 27 ரூபாய் திரும்ப வந்தது. அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம், எல்லோருக்கும் நாசில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், ‘தானாக நின்ற பிறகு போட மாட்டோம்’ என்று பம்ப்பில் எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் ஒட்டவில்லை. ஸ்டிக்கரும் பெயிண்டும் சரிசெய்கிற செலவை எழுத்தில் கேட்டிருக்கிறேன், பில்லின் நகலோடு. பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.