மயக்க டாக்டருக்கு என்று 28 ஆயிரம் வாங்கினார்கள், டாக்டர் வரவே இல்லை

வட சென்னைக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுப் போங்கள். வயிறு எரிந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தண்டையார்பேட்டை பக்கம், வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. ஹீமோகுளோபின் இறங்கும், ரத்தம் ஏற்றுவோம், மறுபடி இறங்கும். வாய் வழியாகக் கேமரா ட்யூப் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகப் பார்க்கிற கொலனோஸ்கோபி இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. கேமரா வைத்த கேப்சூலை விழுங்க வைத்துப் பார்த்ததில்தான் சிறுகுடலின் நடுவில் ரத்தம் கசிவது தெரிந்தது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். சாதாரண ட்யூப் இரண்டு பக்கமும் ஓரத்தைத்தான் எட்டும். நடுவில் போய்க் கசிவை அடைக்க பலூன் எண்டோஸ்கோபி வேண்டும். பலூனை ஊதிப் பிடித்து, குடலை ட்யூப்பின் மேல் சுருக்கிச் சுருக்கி உள்ளே போகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். தொண்டையில் ஸ்ப்ரே அடித்துப் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை இல்லை.

அதனால் என் கவலை எல்லாம் மயக்கத்தைப் பற்றித்தான். அங்கே பேக்கேஜ் பேசுகிற தம்பி ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை, அத்தனை பணிவு. "ஜப்பான் மெஷின் சார்" என்றார். இந்த இரட்டை பலூன் முறையை 2001-ல் வெளியிட்டவர் ஜப்பானைச் சேர்ந்த யமமோட்டோ, அது சரி. "மயக்கத்துக்குத் தனி டாக்டர் சார், முடியுற வரைக்கும் அம்மா தலைமாட்டுலயே இருப்பாரு" என்றார். எஸ்டிமேட் தாளின் பின்பக்கம் பேனாவால் "மயக்க டாக்டர் உட்பட" என்று எழுதிக் கோடும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தலையாட்டினேன்.

பரிசோதனை அன்று காலை அம்மா வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். கவுண்டரில், "மயக்க டாக்டர் வெளியிலிருந்து வர்றார், அவருக்குத் தனியா 28 ஆயிரம் கட்டணும்" என்றார்கள். தாளைக் காட்டினேன். "அது பழைய பேக்கேஜ் சார்." பட்டினியாக இருக்கிற சர்க்கரை நோயாளியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? 28 ஆயிரத்தைக் கட்டினேன், ரசீது வாங்கினேன்.

மயக்க டாக்டர் முன்கூட்டியே வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். குறட்டை உண்டா, ஆடுகிற பல் இருக்கிறதா, என்ன மாத்திரை போடுகிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். யாரும் வரவில்லை. சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுகிற இடம் காலி. "உள்ளே போட்டுக்குவாங்க" என்றார் சிஸ்டர்.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மானிட்டர் விடாமல் அலறுகிற சத்தம் கேட்டது. ஒரு சிஸ்டர் ஓடி வந்து, ஆக்சிஜன் பையை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார். அப்புறம் அம்மாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். உதடு வெளுத்து, ஓயாத இருமல். "தலைமாட்டுல யாரும் இல்லடா. ஒரு பையன்தான் ஊசி போட்டான். பேசினது எல்லாம் காதுல விழுந்தது, மூச்சு முட்டுச்சு" என்றார்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "நோயாளி ஒத்துழைக்காததால் பாதியில் நிறுத்தப்பட்டது." 28 ஆயிரம் ரூபாய் மயக்கத்தில் இருக்கிறவர் எப்படி ஐயா ஒத்துழைக்காமல் போவார்?

மயக்கம் கொடுத்திருந்தால் சார்ட் இருக்கும். என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த நேரத்தில் பிரஷர் எவ்வளவு என்று வரிசையாகக் குறித்திருப்பார்கள். அதைக் கேட்டேன். டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை ரெக்கார்டு செக்‌ஷனில் கேளுங்கள் என்றார்கள். ரெக்கார்டு செக்‌ஷனில் அது உள் ஆவணம் என்றார்கள். பணிவான தம்பி வாட்ஸ்அப்பில் நீல டிக்கோடு சரி. கடைசியில் மேனேஜர், "லேசான மயக்கத்துக்குச் சார்ட் கிடையாது சார்" என்றார். லேசான மயக்கத்துக்கு எதற்கு 28 ஆயிரம் என்றால், "அது ஸ்டாண்ட்பை சார்ஜ்" என்கிறார். வராத ஆள் எங்கே ஸ்டாண்ட்பையாக நின்றாராம்?

பணம் போனதைவிட இதுதான் ஆத்திரம். இதற்குப் பெரும்பாலும் புரோபோஃபால் என்கிற மயக்க ஊசி போடுவார்கள். நல்ல மருந்துதான். ஆனால் தூக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு. வாய் வழியாகச் செய்யும்போது பல இடங்களில் மூச்சுக்குழாய் போட்டே முழு மயக்கம் கொடுப்பது அதனால்தான். ட்யூப் விடுகிற டாக்டரின் கண் திரையில் இருக்கும், மூச்சைப் பார்க்க இன்னொருவர் வேண்டாமா?

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: மயக்க டாக்டரை நேரில் பார்க்காமல் நோயாளியை உள்ளே அனுப்பாதீர்கள். பேர், கையெழுத்து படிவத்தில் இருக்கட்டும். ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கிளிப் மட்டும் போதாது, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மானிட்டர் உண்டா என்று கேளுங்கள். கெட்டி உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரெக்கார்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் அவகாசம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் உதவி போன் 1915.

அம்மாவுக்குக் கசிவு அப்படியேதான் இருக்கிறது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறோம். அங்கே குடல் நோய்ப் பிரிவு ஓ.பி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சீட்டு போடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.