ராமநாதபுரத்தில் ரூம் போடுமுன் சி-ஃபார்ம் உண்டா என்று கேளுங்கள்

இந்தப் பக்கம் நாணயக் கண்காட்சிக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வருகிற சேகரிப்பாளர்களுக்காக இது. சென்னையிலிருந்து வரும் சேது எக்ஸ்பிரஸ் விடியுமுன்பே ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஆட்டோ பிடித்து லாட்ஜுக்குப் போய், பாதி இறக்கிய ஷட்டரைத் தட்டி, பெஞ்சில் தூங்குகிற தம்பியை எழுப்பினால் நீளமான ரெஜிஸ்டரை விரிப்பார். பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகை, அடுத்து எங்கே, என்ன காரியம், எத்தனை பேர், செல் நம்பர். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் "ஆதார் குடுங்கண்ணே" என்பார். சிவப்பு அட்டை சிங்கப்பூர் பாஸ்போர்ட்டை நீட்டியதும் முகம் மாறும். "ஃபாரின் பாஸ்போர்ட்டுக்கு ரூம் குடுக்கிறதில்லண்ணே, ஓனர் சத்தம் போடுவாரு." ஆன்லைனில் கட்டிய பணத்துக்கு ரசீதைக் காட்டினாலும் அதே பதில்தான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொந்த ஊர் முதுகுளத்தூர் என்று சொன்னால் "அப்பிடியாண்ணே" என்று சிரிப்பார், சாவி வராது. நாணய ஆல்பம் இருக்கிற பெட்டியோடு அந்நேரத்தில் தெருவில் நிற்பது எவ்வளவு பெரிய தலைவலி என்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரியும்.

தம்பியைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு லாட்ஜ் ஆன்லைனில் அனுப்பியாக வேண்டும். வழக்கில் அதற்கு சி-ஃபார்ம் என்று பெயர், 2025 விதிகளில் படிவம் III. ஓ.சி.ஐ. வைத்திருந்தாலும் லாட்ஜ் அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு லாட்ஜ் அந்தத் தளத்தில் முன்கூட்டியே பதிந்து யூசர் ஐ.டி. வாங்கியிருக்க வேண்டும். சின்ன லாட்ஜுகள் பல வாங்கியதே இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருகிற உள்ளூர்க் கூட்டத்தை வைத்தே ஓடுகிற இடங்களுக்கு அந்த வேலை வீண் சுமை. எரிச்சல் வருவது புக்கிங் தளங்கள் மேல்தான். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்காமலே பணத்தை வாங்கிக்கொள்கின்றன.

ஆகவே புக் செய்யுமுன் லாட்ஜுக்கே போன் போட்டு, "சி-ஃபார்ம் போடுவீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். "போடுவோம், பாஸ்போர்ட்டும் விசாவும் வாட்ஸப்ல அனுப்புங்க" என்று சொல்கிற இடம்தான் வேண்டும். பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை, இந்தியாவில் இறங்கிய தேதிக்கான முத்திரைப் பக்கம், இவற்றில் இரண்டு செட் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, வெளிநாட்டு முகவரி, அடுத்துத் தங்கும் இடத்தின் முகவரி எல்லாம் கையில் இருந்தால் ஃபார்மைப் போட அதிக நேரம் ஆகாது. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆதார் இல்லையென்றால் பாஸ்போர்ட்டே போதும்.

சிங்கப்பூரில் சன்டெக் மாநாட்டு மையத்தின் பக்கம் தங்கினால் பாஸ்போர்ட்டை ஒரு தடவை ஸ்கேன் செய்து சாவி அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் காலையில் போய் இறங்கினால் மத்தியானம் வரை பெட்டியோடு லாபியில்தான். இந்த ஒன்றில் நம்மூர் லாட்ஜை அடிக்க ஆளில்லை. பழைய 24 மணி நேரக் கணக்கு ராமநாதபுரத்தில் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை விடியக்காலை 3.30க்கு ரூம் எடுத்தால் இரண்டு வாடகையில் திங்கள் விடியக்காலை 3.30 வரை உங்களுடையது. சனி, ஞாயிறு கண்காட்சியை முடித்து, குளித்து, ஞாயிறு இரவு ரயிலேறலாம். பகல் 12 மணிக் கணக்கென்றால் இதே தங்கலுக்கு மூன்று வாடகை. புக்கிங் தளத்தில் 12 மணி என்று போட்டிருக்கும் லாட்ஜே போனில் பேசினால் 24 மணி நேரம் தருவதுண்டு. ரெஜிஸ்டரில் உங்கள் பெயருக்கு நேரே எழுதும் நேரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிந்தினால் அடுத்த நாள் வாடகை விழும்.

பில்லில் வரியையும் பாருங்கள். நாள் வாடகை ரூ.7,500 வரை 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு முன்பு 12.

இந்தப் பக்கம் கண்காட்சி என்றால் மாநாட்டு மையத்தைத் தேட வேண்டாம், கல்யாண மஹால்தான். மாடியில் இருக்கும் மாப்பிள்ளை, பெண் வீட்டு ரூம்கள் ஸ்டால் போடுகிறவர்களுக்கே போய்விடும். முகூர்த்த நாளில் ஒரு கல்யாண வீடே லாட்ஜின் ஒரு மாடியை வளைத்துவிடும், அதனால் ஆடியிலும் மார்கழியிலும் ரூம் சுலபம் என்று கணக்குப் போடத் தோன்றும். ராமேஸ்வரத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. ஆடி அமாவாசைக்குத் தீவே நிரம்பும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகளின் வேன் வரிசை. ராமநாதபுரத்தில் கவனிக்க வேண்டியது மார்கழித் திருவாதிரை. பக்கத்து உத்தரகோசமங்கைக் கோயிலில் மரகத நடராஜரின் சந்தனக் காப்பை அதற்கு முந்தின நாளே களைவார்கள், அந்த இரவு ரூம் இருக்காது.

ராமேஸ்வரத்தில் தங்கி 55 கிலோமீட்டர் வந்துபோகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாணயத்தோடு வருகிறவர்கள் கடலோர ரூமை எடுக்காதீர்கள். 'சேது' என்று எழுத்துப் பொறித்த யாழ்ப்பாண மன்னர்களின் சேது காசும், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் காசும் பெரும்பாலும் செம்பு. உப்புக் காற்றில் குளோரைடு இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும். காசின் மேல் வெளிர்பச்சையில் மாவு மாதிரி பூத்து, விரலால் தொட்டால் உதிரும், கீழே குழி விழுந்திருக்கும். பழைய பாசி போலக் கெட்டியாகப் படிந்த பச்சை வேறு, அது காசைக் காக்கும். மாவு கண்ட காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அரண்மனை, கேணிக்கரை, பாரதி நகர் பக்கம் ஏ.சி. ரூமாக எடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏ.சி.க்கும் ஓடுமா, ஃபேனுக்கு மட்டுமா என்று கேளுங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நீல மணி இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டாம், அவையே பச்சைப் பிசினை விடும். பாத்ரூம் குழாயில் வருவது உப்புத்தண்ணியாகத்தான் இருக்கும். அதில் காசைக் கழுவிவிடாதீர்கள்.

வாங்கிய காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தனியார் கையில் நாட்டை விட்டுப் போகக் கூடாது. விக்டோரியா ரூபாயும் எட்வர்டு ரூபாயும் சேது காசும் ஊரிலேயே உறவினர் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்னும் நூறைத் தொடவில்லை. அதற்கும் ஸ்டால்காரரிடம் வருடம் எழுதிய பில் வாங்கி, காசோடு சேர்த்தே வையுங்கள்.