ஜோட்டெரோ என்னும் ரெஃபரன்ஸ் அடுக்கும் மென்பொருள்: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

பென்னாகரம் பக்கம் பள்ளிக்கூடங்களுக்குப் பல் பரிசோதனைக்குப் போனால், "ஆ காட்டு" என்றதும் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருப்பார்கள். முன்பல்லில் சுண்ணாம்பு தடவினாற்போலத் திட்டு, சிலருக்குப் பழுப்புக் கோடு. எல்லாம் ஃப்ளோரைடு செய்கிற வேலை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர் போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பல் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒரு பேப்பர் எழுதலாமே என்று எங்கள் சார் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பல் பார்ப்பதும், ஃப்ளோரைடு பாதிப்பு எவ்வளவு என்று அளக்கும் டீன் இண்டெக்ஸில் மதிப்பெண் போடுவதும் எனக்குப் பழகிய வேலை. எழுதுவதையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். மாட்டிக்கொண்டது ரெஃபரன்ஸில், அதாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலில்.

மருத்துவ ஜர்னல்களில் பெரும்பாலும் வான்கூவர் பாணி. 1978-ல் சில ஜர்னல் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதால் வந்த பெயர். கட்டுரையில் முதலில் வருவது 1, அடுத்து வருவது 2, கடைசியில் அதே வரிசையில் பட்டியல். ஆறு ஆசிரியர்வரை பெயர் போட்டு, அதற்கு மேல் இருந்தால் 'எட் ஆல்' (மற்றும் பலர்). ஜர்னல் பெயரைச் சுருக்க வேண்டும். வருடத்துக்குப் பிறகு அரைப்புள்ளி, பக்கத்துக்கு முன் முக்காற்புள்ளி. இதையெல்லாம் நான் ராத்திரி பத்து மணிக்கு மேல், பையன் தூங்கிய பிறகு, கையால் அடித்தேன். மொத்தம் 34.

அடித்து முடித்த மறுநாள் சார் முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார். "சின்னச் சேர்க்கைதான்மா, ரெண்டே ரெண்டு ரெஃபரன்ஸ்." அந்த இரண்டும் நான்காவது இடத்தில் வந்து உட்கார்ந்ததால் பின்னால் இருந்த முப்பதுக்கு மேற்பட்ட எண்கள் எல்லாமே மாற வேண்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது. நாலு ரோடு பக்கம் தீசிஸ் டைப் அடித்து பைண்டிங் போட்டுத் தரும் டிடிபி கடை ஒன்று உண்டு, அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைப் பையன் கெட்டிக்காரன். டபுள் ஸ்பேஸ், வரி எண், படத்தை 300 டிபிஐ-யில் தனிக் கோப்பாக்குவது எல்லாம் மளமளவென்று செய்வான். "மேடம், நம்பர் எல்லாம் மாத்திட்டேன், நீங்க கண்ண மூடிட்டு அனுப்புங்க" என்றான். கண்ணை மூடிக்கொண்டுதான் அனுப்பினேன். நாலே நாளில் திரும்பி வந்தது. 17 இரண்டு தடவை இருந்தது, 21 இல்லவே இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறோம் என்று யாரும் பார்க்கவில்லை, வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். தப்பு முழுக்க என்மேல். சரிபார்க்காமல் அனுப்பியது நான்தானே.

அந்த வாரம் அக்கா மகள் சேலத்திலிருந்து வந்திருந்தாள். நர்சிங் மேற்படிப்பு படிக்கிறவள். நான் குயர் நோட்டில் எண் போட்டு அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "சித்தி, இன்னுமா இதையெல்லாம் கையால போடுறீங்க?" என்று என் லேப்டாப்பைப் பிடுங்கி ஜோட்டெரோவை இறக்கிக் கொடுத்தாள். கதை அங்கே ஆரம்பிக்கிறது.

காசு இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறைக்காரர்கள் 2006-ல் ஆரம்பித்த திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெயர் அல்பேனிய மொழியாம், ஒன்றைக் கற்றுக் கைவசப்படுத்துவது என்று பொருள். எனக்குக் கைவசப்பட ஒரு வாரம் ஆனது.

வேலை செய்யும் விதம் இப்படி. குரோமில் ஒரு சின்ன இணைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து மேலே உள்ள பொத்தானைத் தட்டினால் ஆசிரியர், தலைப்பு, வருடம், பக்கம் எல்லாம் உங்கள் பெட்டிக்குள் வந்து விழும். தேடல் முடிவுப் பட்டியலில் நின்று தட்டினால் எது எது வேண்டும் என்று டிக் போடச் சொல்லும். அப்புறம் வேர்டில் ஜோட்டெரோ என்று ஒரு தாவல் முளைத்திருக்கும். எண் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, பொத்தானை அழுத்தி, ஆசிரியர் பெயரில் நாலு எழுத்து அடித்தால் கட்டுரை வந்து நிற்கும். எண்டர் தட்டினால் எண் உட்காரும். கட்டுரை முடிவில் இன்னொரு பொத்தான், முழுப் பட்டியலும் கொட்டும்.

சார் சேர்த்த அந்தப் பத்தியை முதல் வேலையாக எடுத்து, அதே இரண்டு ரெஃபரன்ஸையும் போட்டுப் பார்த்தேன். பழைய 4 நகர்ந்து 6 ஆனது. 34 நகர்ந்து 36 ஆனது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பத்தியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி புதுப்பித்தேன், எல்லாம் பழைய இடத்துக்குப் போனது. திரும்ப ஒட்டினேன். இப்படி நாலைந்து தடவை சும்மாவே விளையாடிக்கொண்டிருந்தேன். "சித்தி, போதும், சாப்பிட வாங்க" என்று அவள் கத்தும்வரை.

வேறு ஜர்னலுக்கு அனுப்பும்போது இதன் அருமை இன்னும் தெரியும். ஒன்றில் எண் மேலே ஏறி இருக்க வேண்டும், இன்னொன்றில் சதுர அடைப்புக்குறிக்குள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாணிகள் வைத்திருக்கிறார்கள், பட்டியலில் தேர்ந்தெடுத்தால் முழுக் கட்டுரையும் உடை மாற்றிக்கொள்ளும்.

இனி என் அசட்டுத்தனங்கள். இரண்டாம் தடவை அனுப்புவதற்கு முன் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது வரியில் 'ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்' என்று ஒருவர் இருந்தார். யாருடா இவர், நான் எப்போது இவரைப் படித்தேன் என்று யோசித்துவிட்டு அப்புறம்தான் சிரித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை மனிதர் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி மற்ற இரண்டையும் இனிஷியல் ஆக்கியிருக்கிறது. நான் ஆசிரியர் கட்டத்தை இரண்டு பாகமாக விட்டு நிரப்பியதால் வந்த வினை. பக்கத்தில் உள்ள குட்டிப் பொத்தானைத் தட்டி ஒற்றைக் கட்டமாக்கினால் சரியாகிவிடும். குடிநீர் வடிகால் வாரியம், சுகாதாரத் துறை போன்ற அறிக்கைகளை நாம்தான் கையால் நிரப்ப வேண்டியிருக்கும், அங்கெல்லாம் இதைக் கவனியுங்கள். நாம் கொடுப்பதைத்தான் அது அடுக்கும்.

இன்னொன்று, டிடிபி பையனிடம் கோப்பு போய் வந்தால் ஜாக்கிரதை. பழக்க தோஷத்தில் அவன் இரண்டு எண்களைக் கையால் திருத்திவிட்டான். அடுத்த தடவை புதுப்பித்தபோது, இந்த மேற்கோளை யாரோ மாற்றியிருக்கிறார்கள், மாற்றத்தை வைத்துக்கொள்ளவா வேண்டாமா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. பரவாயில்லை, நம்மைவிட உஷாராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவனிடம் படங்களை மட்டும்தான் கொடுக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேலே உள்ள மந்திரக்கோல் பொத்தான். ஒரு கட்டுரையின் டிஓஐ எண்ணையோ (கட்டுரைக்குக் கட்டுரை தனியாக உள்ள அடையாள எண்) பப்மெட் எண்ணையோ அதில் ஒட்டினால் போதும், விவரம் முழுதும் வரும். எங்களோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி, கலந்துரையாடல் பகுதிக்கு என்று ஆறு ரெஃபரன்ஸ் எழுதிக் கொடுத்தான். தலைப்பு எல்லாம் அத்தனை பொருத்தம், நமக்காகவே யாரோ ஆய்வு செய்து வைத்த மாதிரி. ஒவ்வொன்றாக ஒட்டினேன். மூன்று வந்தன. இரண்டுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை என்றது. ஆறாவது வந்தது, ஆனால் எலும்பு முறிவைப் பற்றிய ஏதோ கட்டுரை. "தம்பி, எங்கப்பா எடுத்த?" என்றால் தலையைச் சொறிகிறான். ஏஐ-யிடம் கேட்டிருக்கிறான். அது ஜர்னல் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் ஜோடித்துக் கொடுத்திருக்கிறது. கையால் அடித்துக்கொண்டிருந்தால் மூன்றும் என் பெயரோடு அச்சாகியிருக்கும். வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரையை நீங்கள் வைத்திருந்தாலும் ஜோட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும். 2019-லிருந்து அந்த வசதி இருக்கிறது.

குறைகளும் உண்டு. இலவச இடம் 300 எம்பி. பிடிஎஃப் கோப்புகளை எல்லாம் அவர்கள் சர்வரில் ஏற்றினால் சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்கு மேல் வருட வாடகை. இதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருளான மெண்டலியில் இலவசமாகவே 2 ஜிபி கிடைக்கிறது. நான் ரெஃபரன்ஸ் விவரங்களை மட்டும் ஒத்திசைத்துக்கொண்டு, பிடிஎஃப்களை லேப்டாப்பிலேயே வைத்திருக்கிறேன். பென்னாகரம் தாண்டி மலைப்பக்கம் போனால் சிக்னல் நம் இஷ்டத்துக்கு வராது, அங்கே உட்கார்ந்தும் வேலை ஓடுகிறது என்பதால் எனக்கு இதுவே வசதி. சாருக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவர் பழையபடி பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்.

ஜர்னலுக்கு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கோப்பை நகல் எடுத்து, நகலில் மட்டும் 'அன்லிங்க்' செய்து சாதாரண எழுத்தாக்கி அனுப்புங்கள். மூலத்தில் செய்துவிட்டால் போச்சு, மறுபடி எண் தானாக நகராது.

மற்ற தலைவலிகளுக்கு இதில் மருந்து கிடையாது. முகவுரைக் கடிதம், ஆசிரியர் பெயர் இல்லாத தனிக் கோப்பு, எத்திக்ஸ் கமிட்டி எண், ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சரிபார்க்கும் 22 அம்ச ஸ்ட்ரோப் பட்டியல் எல்லாம் நம் பாடு. பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பான். அப்பா பெயரின் ஒற்றை எழுத்தைத் தவிர நமக்கு ஏது குடும்பப் பெயர்? நான் என் பெயரையே அங்கே போட்டு, இனிஷியலை முதல் பெயர்க் கட்டத்தில் தள்ளினேன். வான்கூவர் பட்டியலில் முழுப் பெயரும் அதன் பின்னால் இனிஷியலுமாகச் சரியாக வரும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்த 300 எம்பிக்காகக் குறைத்தது.

பேப்பர் இப்போது வேறொரு ஜர்னலில் இருக்கிறது. போன வாரம் திருத்தம் கேட்டு வந்தது. கட்டுரையை மதிப்பிட்ட இரண்டாம் ரெவ்யூவர் மூன்று கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்றின் டிஓஐ-யையும் மந்திரக்கோலில் ஒட்டினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியில் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் ஆசிரியர் மூன்றிலும் ஒருவரே, ரெவ்யூவரே அவர்தானோ என்னவோ. சாருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "போடலாமா வேணாமா, நீயே சொல்லும்மா" என்று பதில் வந்திருக்கிறது.