"பந்து கனமா இருக்கு" என்றார்கள்

பிரவுசரில் ஓடும் சின்ன பிசிக்ஸ் கேம் ஒன்று செய்தேன். கவணில் கல் வைத்து இழுப்பதுபோல மவுஸால் பந்தைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். அது பறந்து போய் அடுக்கி வைத்த பலகைகளைச் சரிக்கும். முதல் மூன்று லெவலும் சுமுகமாகப் போயின. நான்காவதில்தான் ஆட்கள் கழன்றுகொண்டார்கள். காரணம் கண்டுபிடிக்க ஆடியவர்கள் நிரப்பும் ஃபார்ம், கேம் தானாகப் பதிந்துவைக்கும் லாக், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, ஆடியதைத் திரும்ப ஓட்டும் ரீப்ளே என நான்கு வழியிலும் போய்ப் பார்த்தேன்.

முதலில் ஃபார்ம், ஏனென்றால் அதுதான் சுலபம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், எந்த லெவல் பிடித்தது, எது கஷ்டம் என்று கேட்டிருந்தேன். வந்ததில் பாதி "சூப்பர்", மீதி "பந்து கனமா இருக்கு". நம்பி எடையைக் குறைத்தேன். அடுத்த சுற்றில் "பந்து காகிதம் மாதிரி பறக்குது" என்றார்கள். நான்காவது லெவலில் ஆட்கள் விலகுவது மட்டும் நிற்கவில்லை. எங்கே உறுத்துகிறது என்று ஆடுபவர் சரியாகத்தான் சொல்கிறார். ஏன் உறுத்துகிறது என்று அவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொண்டது என் தப்பு. இன்னொரு சிக்கலும் உண்டு: எரிச்சலில் டேபை மூடியவர் ஃபார்ம் நிரப்ப உட்காரமாட்டார். நம் கைக்கு வருவது பொறுமைசாலிகளின் பதில்தான். நண்பர்களிடம் கொடுத்தால் கேட்கவே வேண்டாம், கேமை விட்டுவிட்டு நமக்கு மார்க் போடுவார்கள்.

லாக் பொய் சொல்லாது. லெவல் தொடக்கம், ஒவ்வொரு முயற்சி, வெற்றி, வெளியேற்றம் என நான்கு நிகழ்வைப் பதிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். இதில் வெளியேற்றம்தான் முக்கியம், அதுதான் நழுவவும் செய்யும். டேப் மூடும்போது சர்வருக்கு அனுப்பும் சாதாரண ரிக்வெஸ்ட் பாதியில் செத்துப்போகலாம். அதற்கென்றே பிரவுசர்களில் சென்ட்பீக்கன் என்ற கட்டளை இருக்கிறது; பக்கம் கண்ணிலிருந்து மறையும் நொடியிலேயே அதை அழைத்துவிட வேண்டும். பெயர், ஐபி முகவரி எதையும் சேமிக்காமல் இருப்பது நல்லது. 2018 முதல் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது, பிரவுசர் கேமுக்கோ எல்லை கிடையாது.

என் லாக் சொன்னது இது: நான்காவது லெவலில் முயற்சிகள் ஏராளம், ஆனால் பெரும்பாலும் பந்தைப் பாதி தூரம்தான் இழுக்கிறார்கள். இழுக்கத் தெரியவில்லை போல என்று நினைத்து "இன்னும் இழு" என்று ஓர் அம்புக்குறி வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்காவது லெவலில் பந்து திரையின் இடது ஓரத்தில் இருக்கும். அவர் முழு பலத்தோடு பின்னுக்கு இழுத்தார். கர்சர் கேம் வரையப்படும் கட்டமான கேன்வாஸைத் தாண்டி வெளியே போனது. அங்கேயே விரலை எடுத்தார். கேமுக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. திரும்ப உள்ளே வந்தபோது பந்து பசை போட்டதுபோல் கர்சரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கிளிக் செய்தார், சோர்ந்து போய்க் காலடியில் விழுந்தது. "சரி, ரொம்ப இழுக்கக் கூடாது போல" என்று முணுமுணுத்துவிட்டு அதன்பின் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே விட்டார். பந்து கனத்ததும் இழுப்பு குறைந்ததும் இதனால்தான். கோளாறு தன் கையில்தான் என்று அவர் நினைத்துவிட்டதால் இதை எந்த ஃபார்மிலும் எழுதியிருக்க மாட்டார். கர்சர் வெளியே போனாலும் செய்தியைக் கேமுக்கே அனுப்பச் சொல்லும் செட்பாயின்டர்கேப்சர் என்று ஒரே வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

பார்ப்பதில் கஷ்டமான வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. "அங்க இழுங்க" என்று ஒரு வார்த்தை விட்டால் சோதனை அதோடு முடிந்தது. நினைப்பதைப் பேசிக்கொண்டே ஆடச் சொல்லும் முறையும் இங்கே ஒத்துவராது, பேச்சு நுழைந்தால் கை நிதானம் தப்பும். லெவல் முடிந்தபின் கேட்டால் போதும். ஸ்கிரீன் ஷேர் ஒரு மாற்று, ஆனால் விரல் தெரியாது.

எத்தனை பேரைப் பார்ப்பது? ஐந்து பேரை வைத்தே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேகப் நீல்சன் 2000-இல் எழுதியது பிரபலம். ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டுவார் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. பயன்படுத்துவதில் வரும் குறைகளுக்குப் பொருந்தும், லெவல் கஷ்டத்தை அளவெடுக்க ஐந்து பேர் போதாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கேமின் டுடோரியலை வைத்து மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2002-இல் விளக்கிய ரைட் முறை பிரவுசர் கேமுக்கு இன்னும் பொருத்தம்: குறை தெளிவாகத் தெரிந்தால் அடுத்த ஆள் உட்காருமுன் திருத்திவிடலாம். ஆப் ஸ்டோர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ரீலோடு செய்தால் புது வெர்ஷன். ஆனால் ஒவ்வொரு லாக் வரியிலும் வெர்ஷன் எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலந்துவிடும்.

பார்ப்பதற்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. நான் பார்த்த எல்லோரும் ஆடியது என் லேப்டாப்பில், 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில். லாக்கைப் புரட்டும்போது சிலர் இரண்டாவது லெவலை நம்பமுடியாத வேகத்தில் முடித்திருந்தார்கள். திரையின் ஃப்ரேம் வேகத்தையும் பதியத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் என்ற பிரவுசர் வசதி, திரையின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒருமுறை கேமின் நிரலை அழைக்கும். நான் ஒவ்வோர் அழைப்புக்கும் இயற்பியலை அறுபதில் ஒரு வினாடி நகர்த்தியிருந்தேன். அவர்களுக்குக் கேம் 2.4 மடங்கு வேகத்தில் ஓடியது! கடந்த நேரத்தைச் சேர்த்துவைத்து நிலையான படிகளாக நகர்த்தினால் தீரும். இதை எந்தச் சோதனை நாற்காலியிலும் கண்டிருக்க மாட்டேன்.

ரீப்ளே கேட்க அழகாக இருக்கும்: மவுஸ் அசைவுகளை மட்டும் சேமித்து, என் பிரவுசரில் திரும்ப ஓட்டுவது. ஆனால் சைன், கொசைன் போன்ற கணக்குகள் பிரவுசருக்குள் நிரலை ஓட்டும் எல்லா ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினிலும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக வர வேண்டும் என்ற கட்டாயம் அதன் தரநிலையில் இல்லை. துளி வித்தியாசம் நாலைந்து மோதலில் பெரிதாகும். ஆடியவர் ஜெயித்த லெவலில் என் திரையில் பலகை ஆடாமல் நின்றது. பொருள்களின் இடத்தையே அடிக்கடி பதியலாம், ஆனால் சின்ன கேமுக்கு அது அதிகப்படி.

இனி ஒரு கேம் செய்தால் முதலில் ஐந்து அந்நியர்களைத்தான் உட்கார வைப்பேன். லாக் முதல் நாளே ஓடும், டச்சா மவுஸா என்பதோடு. ஃபார்மில் ஒரே கேள்வி: எந்த இடத்தில் எரிச்சல் வந்தது?

பிடித்திருக்கிறதா என்று மட்டும் யாரிடமும் கேட்பதாக இல்லை. அன்று லேப்டாப்பில் ஆடியவரிடம் "போதும், ரொம்ப நன்றி" என்றேன். தலையாட்டினார். கை டச்பேடை விடவில்லை. "ஒரே ஒரு தடவை" என்று ஐந்தாவது லெவலைத் திரும்ப ஏற்றினார்.