பேட்டரி மாற்றக் கொடுத்தேன், போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள்

பழைய வீடியோ கேம் கேசட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அதிலும் குறிப்பாக நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸின் கேசட் வைத்திருப்பவர்கள், பேட்டரி மாற்றுவதற்கோ சுத்தம் செய்வதற்கோ அதைக் கடையில் விட்டுவிட்டு வருவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாரிமுனைக்கு அருகே ஒரு சந்துக்குள் இருக்கும் பழுதுபார்க்கும் கடையில், என் கேசட்டின் மேல் ஓட்டை மட்டும் எனக்குத் திருப்பித் தந்துவிட்டு, உள்ளே சில்லுகளோடு இருந்த அசல் சர்க்யூட் போர்டை எடுத்துக்கொண்டு ஒரு டூப்ளிகேட் போர்டை வைத்து மூடிக் கொடுத்துவிட்டார்கள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நடந்ததை நான் அறிவேன் என்றாலும், அதை எழுத்தில் நிரூபிக்க என் கையில் இருப்பது போதாது. ஏன் போதாமல் போனது என்பதையும் கீழே சொல்கிறேன், ஏனென்றால் தவறில் ஒரு பங்கு என்னுடையது.

பழைய வண்ணாரப்பேட்டையில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் டூப்ளிகேட்டில் விளையாடி வளர்ந்தவர்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் 'டிவி கேம்' என்று அழைத்த பெட்டி, 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் நிறக் கேசட்டில், அதே பத்து ஆட்டங்கள் பெயர் மாறியும் வண்ணம் மாறியும் வந்துகொண்டே இருக்கும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பது ஏமாற்று ஆகாது. அசலை வாங்கி வைத்துக்கொண்டு டூப்ளிகேட்டைக் கையில் திணிப்பதுதான் ஏமாற்று.

நான் பறிகொடுத்தது போகிமான் எமரால்ட், அமெரிக்கப் பதிப்பு. போகிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் ஆட்டம் அது. கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்த என் மாமா, அது அங்கே வெளிவந்த 2005-ஆம் ஆண்டிலேயே வாங்கி, அடுத்த விடுமுறையில் ஒரு கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சை நிறத்தில் உள்ளே தெரியும்படியான ஓடு. பள்ளியில் யாராவது எடுத்துக்கொண்டு விடுவார்கள் என்ற பயத்தில், காம்பஸ் முனையால் அதன் பின்பக்கம் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தேன். இந்தக் கீறலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நாம் விளையாடாத நேரத்திலும் செடிகள் காய்க்கும், ஆட்டத்தில் வரும் ஷோல் குகையில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறும், இறங்கும். காசிமேட்டுக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது சிறு வயதில் பெரிய அதிசயமாக இருந்தது. அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. சி.ஆர். 1616 என்பது அதன் பெயர். பதினாறு மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அது தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆட்டத்தைத் தொடரலாம், ஆனால் நேரத்தைப் பொறுத்த நிகழ்வுகள் இனி நடக்காது என்ற அறிவிப்பு வரத் தொடங்கியது. செடிகள் நின்ற நிலையில் நின்றன, கடலும் நின்றுவிட்டது.

கடந்த கார்த்திகை மாதம்தான் அதைச் சரிசெய்யலாம் என்று தோன்றி அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேசட்டைக் கையில் வாங்கியதும், ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்து, அதன் மேல் அழுத்திப் பதிந்திருக்கும் இரண்டு இலக்க எண்ணைக் கட்டைவிரல் நுனியால் தடவிப் பார்த்தார். அசல் கேசட்டுகளின் ஸ்டிக்கரில் அப்படி ஒரு எண் மையில்லாமல் பதிந்திருக்கும். நான் அதைப் பார்த்து, விவரம் தெரிந்த ஆள் என்று மகிழ்ந்தேன். விவரம் தெரிந்த ஆள்தான்.

"தம்பி, பேட்டரிய கழட்டுனா சேவ் எல்லாம் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். பழைய ஆட்டத்தின் சேமிப்பு அழிந்துவிடும் என்பது வருத்தமாக இருந்தாலும், பேட்டரி என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். என்னை வீழ்த்தியது இந்த ஒரு வாக்கியம்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் சேமிப்பு அழியும் என்பது வேறு பல கேசட்டுகளுக்கு முழு உண்மை. 1987-இல் அமெரிக்காவில் வந்த செல்டா கேசட், சூப்பர் ஃபேமிகாமின் பல கேசட்டுகள், கேம்பாயில் வந்த போகிமான் கோல்டு, சில்வர் எல்லாமே சேமிப்பை ஒரு சிறிய நினைவகச் சில்லில் வைத்து, பேட்டரி மின்சாரத்தால்தான் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. எமரால்ட் அப்படியல்ல. அதன் சேமிப்பு ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, அதற்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் என் சேமிப்பு அப்படியே இருந்தது என்பதே அதற்குச் சாட்சி, அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. கேசட் திரும்பி வரும்போது சேமிப்பு ஏன் இல்லை என்ற கேள்விக்கு, நான் கேட்பதற்கு முன்பே அவர் பதில் சொல்லி வைத்துவிட்டார்.

கால் மணி நேர வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. வேலை அதிகம், பேட்டரி வரவில்லை, பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள். பத்தாம் நாள் போனபோது கடையிலிருந்த கேம்பாயில் போட்டு, ரேக்வாசா என்ற போகிமான் தெரியும் முகப்புத் திரையைக் காட்டிவிட்டு உடனே அணைத்தார். 450 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, கடைப் பெயர் அச்சிட்ட ஒரு சிறு துண்டுச் சீட்டில் 'கேம் சர்வீஸ் 450' என்று எழுதிக் கொடுத்தார். என்ன கேசட், என்ன வேலை என்ற விவரம் எதுவும் அதில் இல்லை.

வீட்டில் வந்து போட்டால் அதே அறிவிப்பு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று. போன் செய்தேன். புது பேட்டரி 'செட்' ஆக ஒரு வாரம் ஆகும் என்றார். படித்தவன், அலுவலகத்தில் நாலு பேருக்கு யோசனை சொல்பவன், இதை நம்பி ஒரு வாரம் காத்திருந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த வாரத்தில் புதிதாகத் தொடங்கி இரண்டு பதக்கம் வரை விளையாடிச் சேமித்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தச் சேமிப்பும் இல்லை.

சந்தேகம் வந்தது அப்போதுதான். என்னிடம் ஒரு டிஎஸ் லைட் இருக்கிறது, நிண்டெண்டோவின் அடுத்த தலைமுறைக் கையடக்கக் கருவி. அதன் அடிப்பக்கத்தில் கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டைச் செருகிக்கொண்டு போகிமான் டைமண்ட் என்ற பிந்தைய ஆட்டத்தைப் போட்டால், எமரால்டிலிருந்து போகிமான்களை இடம்பெயர்க்கும் ஒரு வரி முதல் பட்டியலில் தோன்றும். பேட்டரி தீர்ந்த நிலையிலும் என் கேசட்டுக்கு அந்த வரி எப்போதும் தோன்றிக்கொண்டிருந்தது. இப்போது இல்லை. தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, கடல் காற்றில் பச்சை பிடித்திருக்குமோ என்று மறுபடியும் பார்த்தேன். தொடுமுனைகள் பளபளவென்று இருந்தன. இருபது ஆண்டு பழைய கேசட்டுக்கு அவ்வளவு பளபளப்பு வரக் கூடாது. கேசட்டின் வாயைச் சாய்த்துப் பார்த்தால் தொடுமுனைகளுக்கு மேலே போர்டில் நிண்டெண்டோ என்ற சொல் அச்சாகியிருக்க வேண்டும். அங்கே வெறும் பச்சை.

இந்தக் கேசட்டின் பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூதான், மூன்று கால் உள்ள தலை கொண்டது. அதற்கான ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் திறந்தேன். உள்ளே ஒரு சின்னச் சில்லும், சில்லின் மேல் தார் சொட்டியதைப் போன்ற ஒரு கருப்புக் குமிழும் இருந்தன. பேட்டரி இல்லை. பேட்டரியைப் பற்றவைப்பதற்கான இடமே அந்தப் போர்டில் இல்லை. பேட்டரி மாற்றியதாக 450 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாளே கடைக்குப் போனேன். கடைக்காரர் பதறவில்லை. கேசட்டைத் திருப்பி, பின்பக்கக் கீறலை என்னிடமே காட்டினார். "இது உங்க எழுத்துதானே தம்பி? உங்க பொருள்தானே? அப்புறம் என்ன?" என்றார். யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பன்னிரண்டு வயதில் நான் போட்ட அடையாளம், எடுத்தவருக்கே சாட்சியாகிவிட்டது. ஓடு என்னுடையதுதான், போர்டு என்னுடையதல்ல என்றேன். கொடுக்கும்போதே போர்டு அப்படித்தான் இருந்தது என்றார். கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. குரல் கொஞ்சம் உயர்ந்து, பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, வேண்டுமானால் வேறு ஒரு எமரால்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே மாதிரி பத்துப் பன்னிரண்டு பச்சைக் கேசட்டுகள் இருந்தன. ஒன்றின் ஸ்டிக்கரிலும் அந்த அழுத்திய எண் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு 450 ரூபாய் திரும்பி வந்தது, போர்டு வரவில்லை. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசமும் இருக்கிறது. ஆனால் 'கேம் சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு, வெளியில் நூறு டாலருக்கு மேல் விலை போகும் ஒரு அசல் போர்டு எனக்கு இருந்தது என்று எப்படி நிலைநாட்டுவது என்பதில்தான் நான் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த சேவைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. கேட்டு வாங்கும் பில்லில் கேசட்டின் பெயர், ஸ்டிக்கரில் உள்ள குறியீடு, அதாவது எமரால்டின் அமெரிக்கப் பதிப்புக்கு AGB-BPEE-USA என்று இருப்பது, அசல் போர்டு, பேட்டரி மாற்றம் என்ற விவரங்களை எழுத வைத்துவிட்டால் கடைக்காரர் இரண்டாவது முறை யோசிப்பார்.

அதைவிட முக்கியம், கொடுப்பதற்கு முன் நீங்களே திறந்து, போர்டின் இரு பக்கங்களையும் சில்லுகளின் மேல் உள்ள எண்கள் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஓட்டின் மேல் போடும் அடையாளம் ஓட்டுக்கு மட்டும்தான் காவல். முடிந்தால் எதிரில் நின்று வேலையை முடித்து வாங்குங்கள். காதுபோல் தகடு பற்றவைத்த சி.ஆர். 1616 பேட்டரியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சாதாரண பேட்டரியின் மேலேயே நேராக சால்டரிங் வைக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், லித்தியம் செல் சூடேறினால் வெடிக்கலாம். திருப்பி வாங்கும்போது முகப்புத் திரையோடு நிறுத்தாமல், அதைத் தாண்டி உள்ளே போய், பேட்டரி அறிவிப்பு வருகிறதா, உங்கள் பழைய சேமிப்பு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கடந்த ஓராண்டுக்குள் பாரிமுனைப் பக்கம் கேம்பாய் அட்வான்ஸ் கேசட் எதையாவது பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியவர்கள், அது நன்றாக ஓடினாலும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. ஓடு மட்டும் புதிதாகவும் போர்டு அசலாகவும் உள்ள எமரால்ட் ஒன்று இனி யாருக்காவது விலைக்கு வந்தால், வாங்கியதும் புது ஆட்டம் தொடங்கிவிடாமல் முதலில் பழைய சேமிப்பைத் திறந்து பாருங்கள். ஆட்டக்காரரின் பெயருக்கு ஏழு எழுத்துதான் இடம் என்பதால், காசிமேடு என்று எழுத நினைத்து ஆங்கில எழுத்தில் 'காசிமேட்' என்பதோடு நின்றிருக்கும். எட்டுப் பதக்கங்களும் முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் இருக்கும். போர்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதை அழிப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.