பின்பக்க பிரேக் பாட் மாற்றுதல்: வீட்டு முற்றத்திலா, கராச்சிலா?

வன்னியின் கிரவல் வீதிகளில் நாளாந்தம் ஓடும் காருக்குப் பின்பக்க பிரேக் பாட் (சில்லோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) தேய்ந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே மிஞ்சியிருந்தால், கூலிக் கணக்கைப் பார்க்குமுன் அந்தக் காரின் ஹான்ட் பிரேக் எவ்வகையானது என்பதைப் பார்க்க வேண்டும். வீடா கராச்சா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வகன் ஆர் போன்று பின்னால் பாட் இல்லாத ட்ரம் பிரேக் உள்ள கார்களுக்கு இந்த அலசல் பொருந்தாது.

கேபிளால் இழுபடும் ஹான்ட் பிரேக்காயின், வீட்டில் செய்வதே மேல் என்பேன். பாட்களைப் பிடித்து அழுத்தும் பாகமான கலிப்பர், சிலைட் பின் எனும் கம்பிகளில்தான் நகர்கிறது. அந்தப் பின்னை மூடியுள்ள ரப்பர் உறை சற்றுக் கிழிந்திருந்தாலும், செம்புழுதி உள்ளே புகுந்து மாரி ஈரத்தோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு இரண்டு பாட்களில் ஒன்று மட்டும் கரைந்து தீரும். வேலை குவிந்து கிடக்கும் கராச்சில் பாட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவதுண்டு. வீட்டிலோ அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கன் கிறீஸ் பூச ஆறுதலாக நேரம் எடுக்கலாம். ஆனால், இவ்வகைக் கலிப்பர்கள் பலவற்றில் பாட்டைத் தள்ளும் உருளையான பிஸ்ரனை, திருகி இறுக்கும் ஜி கிளாம்பால் நெரித்துத் தள்ளக் கூடாது. அதற்குரிய கருவியால் சுழற்றியே உள்ளே அனுப்ப வேண்டும். பாட்டின் முதுகில் சிறு முனை இருந்தால், அது பிஸ்ரன் முகத்திலுள்ள வெட்டில் சரியாக அமர வேண்டும். தவறினால் பாட் சரிந்து தேயும்.

வெசல் போன்று மின்மோட்டரில் இயங்கும் ஹான்ட் பிரேக் உள்ள கார்களை, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கானர் வைத்திருக்கும் வவுனியா அல்லது கிளிநொச்சி கராச்சுக்குக் கொண்டுபோவதே புத்தி. மோட்டரைப் பராமரிப்பு நிலைக்குப் பின்வாங்கச் செய்யாமல் பிஸ்ரனைத் தள்ளினால் பற்சக்கரம் உடையக்கூடும். மூன்றாந் தலைமுறைப் பிரியஸும் இந்தப் பக்கமே சேரும்: அதன் ஹான்ட் பிரேக் காலால் மிதிப்பதுதான் என்றாலும், வேலை நடுவில் யாராவது கதவைத் திறந்தால் பிரேக் பம்ப் தானாக இயங்கி பிஸ்ரனை வெளியே தள்ளிவிடும்.

வீட்டு வேலையின் பெரிய பலவீனம் தரை. மணல் முற்றத்தில் ஜக் புதையும். சிமெந்துத் தரை இல்லையென்றால் தடித்த பலகை வைத்து, காரை ஸ்ரான்டில் இருத்தாமல் சில்லைக் கழற்ற வேண்டாம். பின்பக்க வேலைக்கு ஹான்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், கார் உருளாமலிருக்க முன்சில்லுகளுக்குக் கட்டாயம் கட்டை கொடுக்க வேண்டும்.

எங்கு மாற்றினாலும், காரை அசைக்குமுன் பிரேக் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பாருங்கள்.