இன்டர்வியூவுக்குப் பைத்தானா, சி பிளஸ் பிளஸா?

கோவை சரவணம்பட்டியில் ரூம் எடுத்துத் தங்கி கூகுள், அமேசானுக்குத் தயாராகும் தம்பிகள், கோடிங் இன்டர்வியூவில் எந்த புரோகிராமிங் மொழியில் எழுதலாம் என்று அடிக்கடி கேட்பது இது. ரெண்டு மொழியிலும் இன்டர்வியூ கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எழுதும் வேகம்: பைத்தான்தான். 45 நிமிடத்தில் ரெண்டு கோடிங் கணக்கு என்றால் குறைகிற ஒவ்வொரு வரியும் லாபம்ங்க.

பெரிய எண்கள்: பைத்தானில் கவலையில்லை. சி பிளஸ் பிளஸில் முழு எண்ணுக்கான சாதாரண இன்ட் வகை சுமார் 214 கோடியைத் தாண்டாது, அதைவிடப் பெரிய எண்ணுக்கு லாங் லாங் வகை போடணும்.

ஹீப் (போட்டு வைத்ததில் பெரியதையோ சிறியதையோ சட்டென்று எடுத்துத் தரும் அமைப்பு): சி பிளஸ் பிளஸில் இதற்கான பிரையாரிட்டி கியூ பெரியதை முதலில் தரும். பைத்தானில் ஹீப்பிலிருந்து எடுக்கும் வழக்கமான ஹீப்பாப் சிறியதைத்தான் தரும், 3.14-க்கு முந்தைய பைத்தானில் பெரியது வேண்டுமென்றால் மைனஸ் போட்டு உள்ளே தள்ளி, எடுக்கும்போது மறுபடி மைனஸ் போட வேண்டும். அந்த ரெண்டாவது மைனஸை மறந்து, கடைசிப் பத்து நிமிடமும் விடை ஏன் தப்பு என்று தேடியே ஒரு ரவுண்டை இழந்தேன்.

வரிசையாகவே இருக்கும் மேப் (சாவிக்கு மதிப்பு சேர்த்து வைப்பது), செட் (ஒரே மதிப்பு ரெண்டு முறை வராத தொகுப்பு): சி பிளஸ் பிளஸில் கையோடு உண்டு. பைத்தானுடன் கூடவே வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் இல்லை.

காலேஜிலிருந்தே சி பிளஸ் பிளஸில் போட்டிக் கணக்குப் போட்டவர்கள் அதிலேயே இருங்கள். வேலை முடிந்து காந்திபுரத்தில் பஸ் மாறி வீடு சேர்ந்து, ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்களுக்குப் பைத்தான். இன்டர்வியூவுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கிறதா, அப்போது மட்டும் மொழியை மாற்றவே மாற்றாதீங்க.